பனி என்ற ஒரு சொல்லும் மிதிவண்டிச் சக்கரமும்

தமிழிலே "பனி" என்பது ஒரு சொல். அதன் பொருளோ பல. மார்கழி விடியலில் நெளுக்குளத்து வயல்வரம்பில் நடப்பவனின் காலை நனைப்பதும் பனி. மன்னார் வீதியை மறைத்துக்கொண்டு வெண்புகையாய் நிற்பதும் பனி. இமயத்தின் முடியில் உருகாது கிடப்பதும் பனி. பெரும்பொழுது ஆறனுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்ட பழையோர் தம் நாட்டிற் கண்டது இலைநுனியில் தூங்கும் துளியையும் உடலை நடுக்கும் குளிரையுமே. விழுந்து குவியும் பனியை அவர்கள் காதால் அறிந்தார்கள், காலால் அறியவில்லை. வடமொழி வழிவந்த "இமம்" என்ற சொல்லை நூல்கள் ஏற்றுக்கொண்டன, ஊர்வாய் ஏற்கவில்லை. ஏற்கவேண்டிய தேவை ஊருக்கு இருக்கவில்லை.

சேற்றுக்கு வந்தாலோ கதை வேறு. சேறு, சகதி, அளறு, அள்ளல், தொளி, சுரி, களி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை யாவும் ஒரு பொருட் பன்மொழி என்று அகராதி சொல்லும். வன்னி உழவன் அப்படிச் சொல்லான். தொளி என்பது உழுத வயலில் மிதித்தால் மிதித்த அளவுக்கு இளகிக்கொடுப்பது. சுரி என்பது காலை உள்ளே வாங்கிவிட்டுத் திருப்பித்தர மறுப்பது. களி என்பது ஒட்டுவது. அதிலும் முருங்கன் பக்கத்துக் கருங்களியில் மாரிகாலத்தில் நடந்தவன் தன் பாதத்தைவிடப் பெரிய மண்பாதம் ஒன்றை அணிந்துகொண்டுதான் வீடு திரும்புவான். சொல் பல இருப்பது அறிவு பல இருப்பதற்கு அடையாளம்.

இதனைப் பண்டிதரின் சொல்லாராய்ச்சி என்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. இந்த ஒரு சொற்குறையினால் ஒரு பிள்ளையின் மணிக்கட்டு முறிந்தது என்றே நான் கருதுகிறேன்.

பிள்ளை என்னிடம் தமிழ் படித்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்படிப்புக்கென்று கனடாவுக்குப் போனான். பகலில் வகுப்பு, மாலையில் ரொறன்ரோ நகரத் தெருக்களில் மிதிவண்டியில் உணவுப்பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அங்கே பனிக்காலத்தில் வெளியே வர விரும்பாதவர்கள் உணவை வீட்டுக்கு அழைப்பார்கள். ஆகவே எந்த நாளில் தெரு ஓடுவதற்கு மிக மோசமோ அந்த நாளில் வருமானம் மிக நன்று. சென்ற தை மாதத்தில் ஒரு திருப்பத்தில் விழுந்தான். கை முறிந்தது. கட்டு அவிழ்த்த மறுவாரமே மறுபடி சைக்கிளில் ஏறிவிட்டான் என்று அறிந்த தாயார், தொலைபேசியும் கையுமாக என்னிடம் வந்தார். "ஐயா, நான் சொன்னால் கேட்கிறானில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். பிள்ளையோ என்னிடம் அடக்கமாகத்தான் பேசினான்; ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஐயா, வன்னிச் சேற்றிலே ஓடினவன் நான். இந்தப் பனியில் ஓடமாட்டேனா?"

இந்தக் கேள்வியை நான் வீம்பு என்று தள்ளவில்லை. பாதிக்கு மேல் அதில் உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி உயிருக்கு ஆபத்து என்பதே ஆராயவேண்டியது.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். வன்னிக்குத் துவிச்சக்கர வண்டி பொழுதுபோக்கு அன்று. 1990இல் மறுபடி மூண்ட போர்க்காலத்தில் எரிபொருள் தடுக்கப்பட்டபோது வடக்கின் பாரமெல்லாம் சைக்கிளின் கரியரில் ஏறியது. விறகு, நெல்மூட்டை, தேங்காய், நோயாளி எல்லாம் அதில்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களிற் பெருந்தொகையினர் பின்னர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தார்கள், அது மாரிகாலம். ஏறி ஓட முடிந்தவர் ஓடினர். முடியாதவர் வீட்டுச் சாமான் முழுவதையும் சைக்கிளில் கட்டிச் சேற்றில் உருட்டினர். ரயர் தேய்ந்தால் புதிது வாங்க வழியில்லை. தேய்ந்த இடத்திற்கு உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓடுவார்கள். அந்தத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எழுந்து விழும். அதன் தாளத்தைக் கேட்டே வருபவர் இன்னார் என்று சொல்லலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்க்குச் சில பாடங்கள் எழுத்தில்லாமலே மனனம். முதலாவது, இளகிய நிலத்தில் காற்றை இறக்கவேண்டும். இதன் கணக்கு மிக எளிது. சக்கரத்தின் மேல் உள்ள பாரத்தை ரயருக்குள் இருக்கும் அமுக்கத்தால் வகுத்தால் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு சக்கரத்தில் 40 கிலோகிராம் பாரம், சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காற்று என்று வையுங்கள். தொடும் பரப்பு பத்துச் சதுரச் சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஒரு தீப்பெட்டியின் முகம் இதைவிடப் பெரிது. அத்தனை சிறிய இடத்தில் அவ்வளவு பாரம் நின்றால் சேறு விட்டுக்கொடுக்கத்தானே செய்யும்? காற்றைப் பாதியாக்கினால் பரப்பு இருமடங்காகும். சக்கரம் புதைவது குறையும். ஆனால் நம்முடைய ஒன்றரை அங்குல ரயரில் இதற்கு மேல் இறக்கினால் கல்லில் ஏறும்போது றிம் ரியூப்பைக் கடித்துவிடும். ரயர் ஒடுக்கமாக இருப்பதால் வரும் எல்லை இது.

எல்லையை உடைத்தவர்கள் இரண்டு திசையில் இருந்தார்கள். ஒருவர் பாலைவனத்துக்காரர், மற்றவர் பனிநாட்டார் என்பதுதான் வியப்பு. 1980களில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ரே மொலினா என்பவர் மணல்மேடுகளில் ஓடுவதற்கென்று அகன்ற றிம்மும் மூன்றரை அங்குல ரயரும் செய்வித்தார். அதே காலத்தில் அலாஸ்காவிலே 1987இல் நாய்ச்சறுக்கு வண்டித் தடத்தில் மிதிவண்டிப் போட்டி ஒன்று தொடங்கியது. அங்கே ஓடியவர்கள் இரண்டு றிம்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டவைத்தும், பின்னர் தனியே அகன்ற றிம் வார்த்தும் பனியில் மிதக்கப் பார்த்தார்கள். மணல்காரர் கண்டதும் பனிக்காரர் கண்டதும் ஒன்றாகச் சேர்ந்தே இன்று "தடித்த சக்கர வண்டி" என்று கடைகளில் விற்பது பிறந்தது. அதன் ரயர் நான்கு அங்குலம் அகலம். சதுர அங்குலத்துக்கு எட்டு இறாத்தல் காற்றே போதும். முன் சொன்ன கணக்கைப் போட்டால் தொடும் பரப்பு எழுபது சதுரச் சென்ரிமீற்றர். விரல் நீங்கிய உள்ளங்கை அளவு. 2013 டிசம்பரில் மரியா லெயர்ஸ்ராம் என்ற பெண்மணி தென்துருவத்தை மிதித்து அடைந்தது இத்தகைய தடித்த ரயர் பூட்டிய மூன்று சக்கர வண்டியில்தான்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் காற்றிறக்கி ஓடிய மீனவப் பிள்ளை அலாஸ்காக்காரனுக்கு இதில் மாணவன் ஆகவேண்டியதில்லை. விழுந்து குவிந்த புதுப்பனி, மிதிபடாத வரையில், மணலின் உடன்பிறப்பு.

இரண்டாவது பாடம் முதலாவதற்கு நேர்மாறானது. மழை பெய்து மேலே விரலளவு வழுக்கல், கீழே இறுகிய செம்மண் என்றால் அகன்ற ரயர் ஆகாது. ஒடுங்கிய ரயர் மேலுள்ளதை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டியைப் பிடிக்கும். பனிநாட்டு நகரத் தெருவிலும் இதுவே நியாயம். தார்வீதியில் இரண்டங்குலம் புதுப்பனி கிடந்தால் ஒடுங்கிய சக்கரம் அதை அறுத்துத் தாரைத் தொடும். அகன்றது மேலே நின்று தத்தளிக்கும். ஆழம் கூடினால் அகலம் நன்று; ஆழம் குறைந்தால் ஒடுக்கம் நன்று. பலர் இதில் ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

ரயரின் பூவேலை இருக்கிறதே, அதில்தான் சேறும் பனியும் முதன்முதலாகப் பிரிகின்றன. களியில் ஓடும்போது ரயரின் பள்ளங்களில் மண் அடைத்துக்கொள்கிறது. அடைத்த பிறகு அது பூவேலை இல்லாத வழுவழுத்த உருளை. மட்காட்டுக்குள்ளும் களி இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மாரிகாலத்தில் மட்காட்டைக் கழற்றிவைத்துவிட்டு, ஒரு தடியைக் கரியரில் செருகிக்கொண்டு புறப்படுவது அதனால்தான். பனியிலோ பள்ளத்துக்குள் பனி புகுவதே நன்மை. பனியைப் பிடிக்கப் பனியைப்போல் வேறு பொருள் இல்லை. கையில் இரண்டு பிடி எடுத்து அமுக்கினால் ஒரே உருண்டையாகிறதல்லவா? ரயருக்குள் புகுந்த பனி தரைப்பனியோடு கைகோக்கிறது. ஆகவே பனிக்கு வெட்டும் கீறலும் நிறைந்த ரயர் வேண்டும்.

இதுவரையில் நம் பிள்ளையின் வாதம் செல்லும். அறிய வேண்டியவற்றிற் பெரும்பகுதியை அவன் பிறந்த மண்ணே கற்றுக்கொடுத்துவிட்டது.

இனி மற்றப் பாதி. அவன் விழுந்தது புதுப்பனியில் அன்று. குவிந்த பனியிலும் அன்று. முதல்நாள் வெயில் எறித்துப் பனி உருகி நீராக ஓடியிருக்கிறது. இரவு குளிர் கூடி அந்த நீர் தெருவோடு தெருவாக உறைந்திருக்கிறது. பார்வைக்கு ஈரமான தார் போலத்தான் இருக்கும். ரொறன்ரோவின் பனிக்காலம் உறைநிலைக்கு மேலும் கீழுமாக ஊசலாடுவது. ஒரே குளிராகக் கிடக்கும் நாட்டைவிட இப்படி ஊசலாடும் நாட்டில்தான் இந்த விபத்து மிகுதி. தாயாருக்கு அவன் சொன்னது "பனியில் விழுந்தேன்" என்று. தாயார் மனத்தில் நினைத்தது பஞ்சுபோன்ற ஒன்றை. "அதிலே விழுந்தாலும் கை முறியுமா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். அவர் மேல் என்ன குற்றம்? நம் மொழி அவருக்குக் கொடுத்தது ஒரு சொல்.

நான் இவ்விடத்தில் நான்கு சொல்லை முன்வைக்கிறேன். விழுந்தபடி கிடப்பது பொடிப்பனி. மிதிபட்டு, வண்டி ஏறி இறுகியது இறுகுபனி. உப்புத் தூவியதால் பாதி உருகிக் குழம்பாய்க் கிடப்பது சேற்றுப்பனி. நீர் உறைந்து ஒளிந்திருப்பது கண்ணாடிப்பனி. இவற்றைவிட நல்ல சொல்லைப் பனிநாட்டில் வாழும் நம்மவர் ஆக்கினால் மகிழ்ந்து ஏற்பேன். அவர்கள் "ஸ்னோ", "ஐஸ்" என்று இரண்டாகவாவது பிரித்துப் பேசுகிறார்கள். பிரிக்காத தமிழைவிட அது மேல்.

கண்ணாடிப்பனி ஏன் இவ்வளவு வழுக்குகிறது? மைக்கேல் பரடே 1850ஆம் ஆண்டளவில் இதைப் பற்றிச் சிந்தித்தார். இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டிக்கொள்வதைக் கண்டு, பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரின் இயல்புடைய மெல்லிய படலம் ஒன்று எப்போதும் உண்டு என்றார். பிற்காலத்தார் அதனை உறுதிசெய்தனர். குளிர் மிகக் கூடினால் இப்படலம் மெலிகிறது, வழுக்கலும் குறைகிறது. உறைநிலைக்கு அண்மையில்தான் வழுக்கல் உச்சம். ரப்பருக்கும் உலர்ந்த தாருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 அல்லது 0.8 வரும். இறுகுபனியில் அது 0.2, 0.3. கண்ணாடிப்பனியிலோ 0.1, சில வேளை அதனிலும் குறைவு. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் உலர்ந்த தாரில் இரண்டு மீற்றருக்குள் நிற்கலாம். கண்ணாடிப்பனியில் அவனுக்கு ஒன்பது மீற்றர் வேண்டும். அதுவும் சறுக்காமல் பிறேக் பிடிக்கத் தெரிந்தால்.

நிற்பது ஒருபுறம் இருக்கட்டும். மிதிவண்டி எப்படி விழாமல் ஓடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கினால் ஓட்டுபவன் தன்னை அறியாமலே ஹாண்டிலை இடப்பக்கம் திருப்புகிறான். சக்கரம் சாய்கின்ற பாரத்தின் கீழே வந்து தாங்குகிறது. இந்தச் சிறு திருப்பங்கள் கணந்தோறும் நிகழ்கின்றன. இவை பலிக்க முன்சக்கரம் பக்கவாட்டில் நிலத்தைப் பிடிக்கவேண்டும். பிடியில்லாவிட்டால் திருப்பியும் பயனில்லை. சாய்வு சாய்வாகவே போய் நிலத்தில் முடிகிறது. பின்சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், ஒரு காலை ஊன்றி மீளலாம். முன்சக்கரம் வழுக்கினால் மீள்வதற்குள் தோள் தரையில் இருக்கும்.

சேற்றில் முன்சக்கரம் வழுக்குவதில்லையா என்று கேட்பீர்கள். வழுக்கும். ஆனால் சக்கரம் அங்கே சற்றுப் புதைந்திருக்கிறது. இருபுறமும் சேற்றுச்சுவர் உண்டு. பக்கத்தே நகரவேண்டுமானால் அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு நகரவேண்டும். அதற்கு ஒரு கணம் எடுக்கும். அந்த ஒரு கணத்தில்தான் வன்னிப் பிள்ளையின் சாமர்த்தியம் எல்லாம் வேலை செய்கிறது: காலை விரிக்கிறான், இடுப்பை மாற்றுகிறான், தப்புகிறான். கண்ணாடிப்பனியில் சுவரும் இல்லை, கணமும் இல்லை. சாமர்த்தியம் இருக்கிறது, அது வேலை செய்வதற்கு நேரம் இல்லை. சேற்றில் பழகியவன் சேற்றில் பழகாதவனைவிட இங்கே ஓர் அங்குலமும் மேலானவன் அல்லன். தைரியம் கூடியதனால் வேகமும் கூடும். அவ்வளவில் அவன் தாழ்ந்தவன் என்றும் சொல்லலாம்.

ஆகவே கண்ணாடிப்பனிக்கு ரப்பர் விடை அன்று. அகலமும் விடை அன்று, காற்றிறக்குவதும் விடை அன்று. இரும்பைவிடக் கடிய ஆணிதான் விடை. பின்லாந்து நாட்டில் நோக்கியா ஊர் ரயர்த் தொழிற்சாலை 1930களிலேயே பனிக்காலத்துக்கென்று தனியே வாகன ரயர் செய்தது. பின்னர் அந்நாட்டிலிருந்து மிதிவண்டிக்கும் ஆணி ரயர் வந்தது. ஒன்றில் 106 ஆணி, மற்றொன்றில் 240 ஆணி என்று எண்ணிக்கையையே அவற்றின் பெயராக வைத்தார்கள். நல்ல ஆணியின் முனை தங்குதன் காபைட்டால் ஆனது. வெறும் உருக்கு முனை தாரில் ஓடிச் சில காலத்தில் மழுங்கிவிடும். ரயர் தன் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கிறது என்று முன்பு சொன்னேன். ஆணி நேர்மாறு. பாரத்தை ஊசிமுனையில் குவித்துப் பனிக்கட்டியில் குழி தோண்டுகிறது. பனிக்கட்டியில் சேற்றுச்சுவர் இல்லை என்றேனே, அந்தச் சுவரை ஆணி தானே எழுப்பிக்கொள்கிறது.

இதிலும் நுணுக்கம் உண்டு. புது ஆணி ரயரை வாங்கியவுடன் பனிக்கட்டியில் இறங்கலாகாது. முதல் நாற்பது கிலோமீற்றர் வெறுந்தாரில், திடீர்ப் பிறேக்கும் திடீர்த் திருப்பமும் இன்றி ஓட்டவேண்டும். அப்போதுதான் ஆணிகள் தம் குழியில் அமரும். ஓரத்து ஆணிகள் நிலத்தைத் தொடவேண்டுமானால் காற்றைச் சற்று இறக்கவேண்டும். தாரில் ஓடும்போது எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிவதுபோல் ஓசை எழும், ஓட்டமும் பாரமாகும். இரண்டு ரயர் வாங்கப் பணமில்லாதவன் ஒன்றை வாங்கி முன்சக்கரத்தில் பூட்டவேண்டும். பின்சக்கரத்தில் மட்டும் பூட்டுபவன், மிதிக்கும்போது சக்கரம் சுழன்றுபோகாதிருப்பதை மட்டுமே எண்ணுகிறான்.

ஆணி சகல நோய்க்கும் மருந்து அன்று. ரொறன்ரோத் தெருக்களில் ஓடும் ரயில்வண்டியின் தண்டவாளம் பனிநீர் பட்டு நனைந்திருந்தால் ஆணிக்கும் அங்கே குழி தோண்ட இடமில்லை, நேர்குறுக்காகத்தான் கடக்கவேண்டும். நேற்றைய வண்டிச்சுவடுகள் உறைந்து வரம்புபோல் நிற்கும் இடத்தில் எந்த ரயரும் பயனில்லை. அங்கே இறங்கி உருட்டுவதே முறை. மாரியில் மாட்டுவண்டிப் பாதை காய்ந்து கல்லானபின் அதில் சைக்கிள் ஓட்டியவர்க்கு இது புரியும்.

குளிர் ரப்பரையே மாற்றிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1900ஆம் ஆண்டில் எட் ஜெசன் என்ற பொன்தேடி, கனடாவின் டோசன் நகரிலிருந்து உறைந்துகிடந்த யூக்கன் ஆற்றின் மேலாகவே அலாஸ்காவின் நோம் நகர்வரை மிதிவண்டியில் போனான். கடுங்குளிர் நாட்களில் அவனுடைய ரயர் கட்டைபோல் விறைத்தது. அச்சுக்களில் எண்ணெய் உறைந்தது. இன்றைய பனிக்கால ரயரில் இயற்கை ரப்பரை மிகுத்துச் சேர்ப்பது இதற்காகவே. இயற்கை ரப்பர் உறைநிலைக்குக் கீழே 70 பாகை அளவில்தான் கண்ணாடிபோல் விறைக்கும். கோடைக்கென்று கலந்த செயற்கை ரப்பர்க் கலவைகளோ அதற்கு வெகுமுன்பே கடினமாகும். கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடப் பூங்காவில் 1876இல் நட்ட கன்றுகளோடு ஆசியாவின் ரப்பர் வரலாறு தொடங்கியது என்பதை நினைக்கும்போது, பனி விழாத இத்தீவுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் ஓர் உறவு தெரிகிறது. காற்றும் சுருங்கும். 20 பாகை வெப்பமுள்ள வீட்டுக்குள் 60 இறாத்தல் அடித்த ரயர், வெளியே உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் 50 இறாத்தல்தான் காட்டும். ஓட்டை என்று பஞ்சர் தேடவேண்டாம்.

இவ்வளவையும் நான் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. "நீ சேற்றில் ஓடியவன், பொடிப்பனியில் ஓடு, தடுக்கமாட்டேன். தார் நனைந்ததுபோல் மினுங்கினால் அது கண்ணாடிப்பனி என்று எண்ணு; ஆணி இல்லாமல் அதில் ஏறாதே" என்று மட்டும் சொன்னேன். சைக்கிளை விடச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பல்கலைக்கழகக் கட்டணம் அதில்தான் ஓடுகிறது. தாயார் கையில் மாதந்தோறும் வந்து சேர்வதும் அதில்தான் வருகிறது. தாயார் அதை அறிவார். அறிந்தும் அஞ்சுகிறார்.

ஆணி ரயரின் விலையைக் கேட்டேன். ஒன்றின் விலை அவனுக்குப் பல மாலைப் பொழுதுகளின் உழைப்பு. ஒன்று வாங்கி முன்சக்கரத்தில் பூட்டியிருக்கிறான். மற்றதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான்.